கல்நொறுக்கும் பொறிகள்: நிலையானவையும் நடமாடுபவையும்

ஒலுவிலுக்குத் தெற்கே, அட்டாளைச்சேனைக்கு வடக்கே, வங்கக் கடலை நோக்கிக் கிடக்கும் பாலமுனையின் கரை மணலால் ஆயது. அங்கு மணல் காலடியில் உண்டு, தென்னை உண்டு, மேற்கே பரந்த நெல்வயல் உண்டு. வீடு கட்டத் தொடங்குவார்க்கு வேண்டிய கருங்கல்லும் சல்லியும் மாத்திரம் வயல்களுக்கு அப்பாலிருந்து லொறியேறி வரவேண்டியனவாயுள்ளன. இப்பகுதியின் வயல்களுக்கு நீரூட்டும் ஆற்றின் பெயரோ கல்லோயா. சிங்களத்தில் அதன் பொருள் கல்லாறு என்பதாம். தமிழிற் பட்டிப்பளை ஆறு என்று வழங்கப்பெற்ற அவ்வாறு, கல்லைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு கரைக்கு மணலையும் வண்டலையுமே கொணர்கின்றது. கிழக்குக் கரை மக்கள் பணத்தையும் ‘சல்லி’ என்றே வழங்குவர். உடைத்த கல்லுக்கும் பணத்துக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலேயாயினும், கல் வாங்கிப் பழகினோர் அதனைப் பொருத்தமற்றதென்று கூறார்.

சல்லியின் விலையில் பாறைக்கு உரிய பங்கு சிறிது. துளையிடுதல், வெடிவைத்தல், உடைத்தல், சலித்தல், ஏற்றுதல், கொண்டுசெல்லுதல் ஆகிய செயல்களே அதன் விலையை ஆக்குகின்றன. இவற்றுள் இறுதியிற் கூறிய இரண்டும், உடைக்கும் பொறி எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைப் பொறுத்துப் பெருகவும் சுருங்கவும் வல்லன. கல்லைப் பொறியிடம் கொண்டுசெல்வதா, பொறியைக் கல்லிடம் கொண்டுசெல்வதா என்னும் வினா ஈண்டுத்தான் எழுகின்றது. பொறியியலாளர்க்கு மட்டுமே உரிய வினாப் போல இது தோன்றினும், தெருவையும் வீட்டையும் கரையையும் கல்லின்றிக் காக்க இயலாத ஊர்களுக்கு இது வாழ்க்கை வினாவேயாகும்.

கல்லை அளவாக உடைத்துத் தெருவிற் பரப்பும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறைப்படுத்தியவர் ஸ்கொத்லாந்தினரான ஜோன் லவுடன் மக்காடம். மேற்பரப்பில் இடும் கல் ஒவ்வொன்றும் ஆறு அவுன்சு, அதாவது ஏறக்குறைய 170 கிராம், நிறைக்கு மேற்படலாகாது என்பது அவர் வகுத்த விதி. விதி எளிது, அதனை நிறைவேற்றியவை சம்மட்டி பிடித்த கைகள். இலங்கையிலும் அவ்வாறே. 1875ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பின்னர் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வேலைக்குரிய கல்லை மகரைக் கற்சுரங்கில் அகழ்ந்தோர் சிறைக்கைதிகள். கல்லுடைத்தல் தண்டனையாக விதிக்கப்பட்டமையே அத்தொழிலின் கடுமைக்குப் போதிய சான்றாகும். குற்றமொன்றும் செய்யாத ஏழைப் பெண்கள் தெருவோரத்தில் வெயிலிற் குந்தியிருந்து கல்லுடைத்த காட்சியோ, இலங்கையிலும் தமிழகத்திலும் மிக அண்மைக் காலம்வரை நீடித்தது.

அக்கைகளின் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தவர் அமெரிக்கராகிய எலி விற்னி பிளேக். பருத்தி அரைக்கும் பொறியாற் புகழ்பெற்ற எலி விற்னிக்கு அவர் மருமகன் முறையினர். 1852இல் நியூ ஹேவன் நகரில் ஏறக்குறைய இரண்டு மைல் நீளமான மக்காடம் தெருவொன்றை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கல்லுடைக்கும் செலவையும் காலத்தையும் கண்டு திகைத்த அவர், சில ஆண்டுகள் முயன்று 1858இற் தாடைநொறுக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அமைப்பு மிக எளிது. மேலே அகன்றும் கீழே நெருங்கியும் ஆப்புவடிவில் நிறுத்தப்பட்ட இரண்டு உருக்குத் தகடுகளில் ஒன்று அசையாது நிற்கும். மற்றது மனிதனின் கீழ்த்தாடை போல முன்னும் பின்னும் அசையும். மேலே இட்ட கல் ஒவ்வோர் அசைவிலும் நசுங்கிப் பிளந்து, சிறுத்துச் சிறுத்துக் கீழே இறங்கும். அடிவாயின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய அளவைப் பெறலாம். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்தத்துவம் மாறவில்லை. இன்று மக்கள் ‘கிறஷர்’ என்று வழங்கும் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் முதல் வாயில் பிளேக்கின் தாடையையே பெரும்பாலும் காணலாம்.

ஒரே உடைப்பில் வேண்டிய சல்லி கிடைப்பதில்லை. வெடியாற் பெயர்ந்த கல் அரை மீற்றருக்கு மேற்பட்ட பருமனுடையதாயிருக்கும். தாடைநொறுக்கி அதனைக் கையளவாக்கும். பின்னர்க் கூம்புநொறுக்கி, உள்ளே சுழன்றாடும் கூம்புக்கும் வெளியிலுள்ள கிண்ணத்துக்கும் இடையில் அதனை நெருக்கி முக்கால் அங்குலம், அரை அங்குலம் ஆகிய அளவுகளுக்குக் கொணரும். அதிரும் சல்லடைகள் அளவு வாரியாகப் பிரிக்கும். பெரியவை மீண்டும் நொறுக்கிக்குத் திரும்பும். சுழலும் சுத்திகளால் அடித்து உடைக்கும் மோதல்நொறுக்கி என்னும் வேறொரு வகையும் உண்டு. சுண்ணக்கல்லுக்கு அது மிகப் பொருத்தமானது. அம்பாறை மாவட்டத்துப் பாறைகளோ புவியியலாளர் விஜயன் தொகுதி என வகுத்த மிகப் பழைய நைஸ் பாறைகள். அவற்றிற் குவார்ட்சு மிகுதி. அத்தகைய கல்லை இட்டால் சுத்திகள் விரைவில் தேய்ந்து போம். ஆதலால் இப்பகுதிக்குத் தாடையும் கூம்பும் சேர்ந்த அமைப்பே ஏற்றது. பொறி நிலையானதாயினும் நடமாடுவதாயினும் இதில் வேற்றுமையில்லை.

இனி நிலையான ஆலையை நோக்குவோம். அது கொங்கிறீற்று அத்திவாரத்தின்மேல் எழுவது. நொறுக்கிகளும் சல்லடைகளும் தனித்தனியே நிற்க, அவற்றை நீண்ட வார்ப்பட்டைகள் இணைக்கும். மின்சாரம் பொதுக் கம்பியிலிருந்து வரும். இத்தகைய ஆலை பெரிதாக அமையலாம், உடைப்பைப் பல படிகளாகப் பிரிக்கலாம், கல்லைக் கழுவலாம், தூசியை மூடிய கூண்டுக்குள் அடக்கலாம். நாள்தோறும் ஒரே தரமான சல்லியைத் தருவதில் இதற்கு நிகரில்லை. ஆற்றுமணலுக்கு ஈடாகக் கல்லைப் பொடித்து மணலாக்கும் வேலைக்கும் இதுவே தக்கது. ஏனெனில் அம்மணலின் உருவும் நுண்தூளின் அளவும் கண்டிப்பாகக் காக்கப்படல் வேண்டும். பெருங் கொங்கிறீற்று அணை போன்ற வேலையொன்று ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நடைபெறுமாயின், அதற்கென நிலையான ஆலையொன்றை நாட்டுதலே சிக்கனம். 1985இல் நிறைவெய்திய 122 மீற்றர் உயரமுள்ள விக்ரோரியா அணை போன்ற வேலைகளில் பாறையும் தேவையும் ஒரே பள்ளத்தாக்கிற் பல ஆண்டுகள் நிலைத்துநின்றன. அத்தகைய இடத்திற் பொறி நடமாட வேண்டிய காரணமில்லை.

ஆயினும் நிலையான ஆலைக்கு ஓர் இயல்பான குறையுண்டு. ஆலை நிற்கும், பாறைமுகம் நில்லாது. நாள்தோறும் வெட்ட வெட்ட அது பின்வாங்கிக்கொண்டே போகும். ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ஆண்டுக்கு 100,000 தொன் கல் எடுக்கும் சுரங்கொன்றைக் கொள்வோம். பாறையின் அடர்த்தி கனமீற்றருக்கு 2.7 தொன், வெட்டுமுகத்தின் அகலம் 100 மீற்றர், உயரம் 10 மீற்றர். எடுக்கப்படும் கல்லின் கனவளவு ஏறக்குறைய 37,000 கனமீற்றர். எனவே வெட்டுமுகம் ஆண்டுக்கு 37 மீற்றர் பின்செல்லும். பத்தாண்டில் 370 மீற்றர். பத்துத் தொன் ஏற்றும் லொறி, தொடக்கத்திலிருந்ததைக் காட்டிலும் ஒவ்வொரு நடைக்கும் போகவர 740 மீற்றர் கூடுதலாக ஓடவேண்டும். ஆண்டுக்கு 10,000 நடை. ஆகவே பத்தாம் ஆண்டில், சுரங்கின் வேலிக்குள்ளேயே, முன்பு வேண்டாதிருந்த 7,400 கிலோமீற்றர் ஓட்டம் புதிதாகச் சேர்ந்துவிடும். பாலமுனையிலிருந்து பருத்தித்துறைக்குப் பலமுறை சென்று மீளத்தக்க தூரம் இது. அத்தூரத்திற் சரிபாதி வெறும் வண்டி ஓடுவது. லொறி தன் சொந்த நிறையைச் சுமந்துகொண்டு வெறுமனே திரும்புகின்றது. பள்ளம் ஆழமாகுந்தோறும் ஏற்றமும் கூடும். ஏற்றம் கூடுந்தோறும் டீசலும் டயரும் கூடும்.

நடமாடும் நொறுக்கி பிறந்ததன் காரணம் இக்கணக்கேயாகும். மேற்கு யேர்மனியின் ஹோவர் என்னுமிடத்துச் சுண்ணக்கற் சுரங்கில் 1956இல் நொறுக்கியையே வெட்டுமுகத்துக்குக் கொண்டுசெல்லும் முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது. பொறி முகத்தை ஒட்டி நின்று உடைக்க, உடைத்த கல்லை வார்ப்பட்டை வெளியே கொணரும். வார்ப்பட்டைக்கு வெறுநடை என்பதில்லை. அஃது ஓயாது சுமக்கும். தொடக்ககாலப் பொறிகள் மலைபோற் பெரியவை, பெருஞ்சுரங்குகளுக்கே உரியவை. சிறு சுரங்குகாரர்க்கும் எட்டும் அளவில் இம்முறை வந்தது பின்னரே. பின்லாந்தின் தம்பெரே நகரத்து லொக்கோமோ தொழிற்சாலை 1985இல் ‘லொக்கோட்ராக்’ என்னும் பெயருடன் சங்கிலித் தடத்தின்மேல் ஊரும் நொறுக்கியை வெளியிட்டது. வட அயர்லாந்தின் தைரோன் பகுதிப் பட்டறைகளும் இத்துறையில் இறங்கி, உலகெங்கும் இன்று விற்பனையாகும் நடமாடும் நொறுக்கிகளிலும் சல்லடைகளிலும் பெரும்பங்கைச் செய்தளிக்கின்றன. பெருநகரங்களை விட்டு நாட்டுப்புறத்தில் வளர்ந்த கைத்தொழில் இது என்பது கருதத்தக்கது.

நடமாடும் பொறிகளிலும் இருவகை உண்டு. ஒன்று சக்கரங்களின்மேல் அமைந்து, இழுவைவண்டியால் இழுக்கப்பட்டு, வேலைத்தலத்திற் தாங்குகால்களின்மேல் நிற்பது. ஓரிடத்திற் சில மாதம் தங்கி வேலைசெய்ய இது போதும். மற்றது புல்டோசரைப் போலச் சங்கிலித் தடத்தில் தானே ஊர்வது. இது வெட்டுமுகம் பின்செல்லச் செல்லத் தானும் பின்தொடரும். பெக்கோ கல்லை நேரே இதன் வாயில் இடும். இடையில் லொறி வேண்டுவதில்லை. நடுத்தர அளவான தாடைப்பொறியொன்று 30 முதல் 50 தொன் வரை நிறையுடையது. கல்லின் கடினத்துக்கும் அடிவாயின் அளவுக்கும் ஏற்ப மணிக்கு 100 தொன் முதல் 300 தொன் வரை உடைக்கும். தாழ்தள லொறியில் வந்திறங்கிய அன்றே, சில மணி நேரத்தில், வேலையைத் தொடங்கிவிடும். நிலையான ஆலைக்கோ அத்திவாரம் இடுவதும், இரும்புச் சட்டம் எழுப்புவதும், மின்கம்பி இழுப்பதுமாக மாதங்கள் கழியும்.

இவ்வசதிகள் எங்கும் பொதுவானவை. பாலமுனை போன்ற கரையூர்களுக்கு இவை எவ்வாறு பொருந்தும் என்பதே ஆராயத்தக்கது. அவ்வூர்களுக்கு மேற்கே பாறை ஒரே பெருமலையாக அமையவில்லை. சமநிலத்தின் நடுவே ஆங்காங்கு தனித்தெழுந்த குன்றுகளாகவே அது தலைகாட்டுகின்றது. சிறு குன்றொன்றின் ஓரத்தில் 100,000 தொன் கல்லே எடுக்கத்தக்கதாயின், நிலையான ஆலையின் அத்திவாரச் செலவு முழுவதும் அந்த 100,000 தொன்னின்மேல் விழும். 2,000,000 தொன் எடுக்கத்தக்க பெருஞ்சுரங்கில் ஒவ்வொரு தொன்னும் தாங்குவதைப் போல இருபது மடங்கு சுமை அது. அத்திவாரத்தை எடுத்துச் செல்லவும் இயலாது. நடமாடும் பொறியோ இக்குன்றில் வேலை முடிந்ததும் அடுத்ததற்குச் செல்லும். அதன் விலை பல குன்றுகளின்மேற் பகிரப்படும். தொலைவிலுள்ள பெரிய ஆலையிலிருந்து 60 கிலோமீற்றர் சல்லியைச் சுமப்பதற்கு மாறாக, 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிறு குன்றைப் பயன்படுத்தலாமென்றால், மீதியாகும் 40 கிலோமீற்றரே இப்பொறியின் மெய்யான ஊதியம். சுரங்குக்குள் மீதியாகும் ஓட்டத்தைவிடத் தெருவில் மீதியாகும் ஓட்டமே இங்குப் பெரிது.

தேவையும் இப்பகுதியிற் சீராக வருவதில்லை. பெருமழை போலத் திடீரெனப் பெய்து ஓய்கின்றது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் அணையும் வாய்க்கால்களும் ஒரு காலத்திற் கல்லைக் கேட்டன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை முதல் தெற்கே நெடுந்தூரம் வீடுகளும் பள்ளிகளும் கடைகளும் இடிந்தன. அவற்றை மீளக் கட்டுதற்கு ஒரே காலத்தில் எங்கும் சல்லி வேண்டியதாயிற்று. போர் 2009இல் முடிவெய்திய பின் கிழக்கு மாகாணத் தெருக்கள் பல அகலப்படுத்தப்பட்டன. 2008இல் ஒலுவிலில் டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் துறைமுக வேலை தொடங்கி, 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. இவ்வாறு ஐந்தாறு ஆண்டு பெருந்தேவையும் பின்னர் நெடுங்கால அமைதியுமாக உள்ள இடத்தில், வேண்டும்போது வந்து வேண்டாதபோது செல்லும் பொறியே இசைவானது என்பது வெளிப்படை.

கடற்கோளை நினைக்குங்கால் வேறொன்றும் தோன்றும். அந்நாளில் இடிந்த சுவர்களே குன்றுகளாகக் கிடந்தன. இலங்கைக் கரையெங்கும் அவ்விடிபாடுகளிற் பெரும்பகுதி தாழ்நிலங்களிலும் களப்புகளிலும் கொட்டப்பட்டது. புதுக்கல் ஒருபக்கம் மலையிலிருந்து வந்துகொண்டிருக்க, பழங்கல் மறுபக்கம் நீரிற் புதைந்தது. இரண்டாம் உலகப்போரின் பின் யேர்மானிய நகரங்கள் தம் இடிபாடுகளை நொறுக்கிச் சல்லியாக்கியே பெருமளவிற் புதுவீடுகளைக் கட்டிக்கொண்டன. நடமாடும் மோதல்நொறுக்கி இதற்கென்றே அமைந்தது போன்றது: இடிந்த கொங்கிறீற்றை இட்டால், கம்பியைக் காந்தத்தாற் பிரித்துவிட்டுக் கல்லைத் தரும். எனினும் கடல்நீரில் ஊறிய இடிபாட்டில் உப்பு நிற்கும். அதனைக் கம்பிக் கொங்கிறீற்றிற் சேர்த்தால் உப்பு கம்பியை அரித்து, சில ஆண்டுகளிற் கூரையையே பிளந்துவிடும். ஆதலால் தெருவின் அடித்தளத்துக்கும் பள்ளம் நிரப்புதற்கும் மட்டுமே அதனைக் கொள்ளலாம். அவ்வளவில் அது சிறந்த கல்லே.

துறைமுக வேலையைப் பற்றியும் ஒரு மயக்கம் நீக்கப்படல் வேண்டும். அலைதாங்கியின் வெளிமுகத்தில் அடுக்கப்படும் பெருங்கற்கள் நொறுக்கியின் வாயைக் காண்பதில்லை. அவை பல தொன் நிறையுடன் முழுமையாகப் பெயர்க்கப்பட வேண்டியவை. நன்றாய் வெடித்துச் சிதறும் பாறை அவ்வேலைக்கு ஆகாது. ஆனால் எவ்வளவு கவனமாக வெடித்தாலும் பெயர்வனவற்றுள் பெருங்கல் சிறுபகுதியே. எஞ்சியவற்றிற் பருத்தவை அலைதாங்கியின் உட்கருவுக்குச் செல்லும். மிகுந்தவற்றை உடைத்தாற் துறைமுகத் தெருவுக்கும் கொங்கிறீற்றுக்கும் வேண்டிய சல்லியாகும். அத்தகைய சுரங்கில் நடமாடும் நொறுக்கி கழிவைப் பயனாக்கும் துணைப்பொறியாய் நிற்கும். அலைதாங்கி எழுந்த பின் அதற்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தமையும், துறைமுக வாயில் மணலால் மூடுண்டமையும், அரிப்பைத் தடுக்க மீண்டும் பெருங்கற்கள் கரையிற் கொட்டப்பட்டமையும் அப்பகுதியார் நன்கறிந்தவை. கல் ஒருமுறை வந்தவுடன் கல்லின் தேவை தீர்ந்துவிடுவதில்லை.

நடமாடும் பொறிக்குரிய இடர்களையும் மறைத்தலாகாது. முதலாவது எரிபொருள். நிலையான ஆலை மின்சாரத்தால் இயங்க, நடமாடும் பொறி பெரும்பாலும் டீசலையே நம்பியுள்ளது. நடுத்தரப் பொறியொன்று மணிக்கு 20 முதல் 40 இலீற்றர் வரை குடிக்கும். 2022இல் இலங்கையில் டீசலுக்காக லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை எண்ணினால் இதன் பொருள் விளங்கும். அவ்வாண்டு மின்வெட்டும் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியமையால், அந்நாளில் நிலையான ஆலையும் பெருமை பேச இயலவில்லை, அது வேறு. பொறியை டீசலாலும், வாய்ப்புள்ள இடத்திற் பொதுக் கம்பி மின்சாரத்தாலும் இயக்கத்தக்க இருவழி அமைப்புகள் இப்போது வந்துள்ளன. இலங்கைக்கு அவையே பாதுகாப்பானவை.

இரண்டாவது பாதை. 40 தொன் பொறியைத் தாழ்தள லொறியில் ஏற்றினால், லொறியின் நிறையும் சேர்ந்து ஏறக்குறைய 60 தொன்னாகும். வயல்களுக்கிடையே ஓடும் வாய்க்கால்களின்மேல் உள்ள மதகுகளும் சிறு பாலங்களும் உழவு இயந்திரத்துக்கும் நெல்லேற்றிய லொறிக்கும் அமைந்தவை, இச்சுமைக்கு அமைந்தவையல்ல. குன்று அருகில் இருப்பதும் பொறி அங்கே செல்லக்கூடுவதும் ஒன்றல்ல. மூன்றாவது தரம். ஒரே உடற்சட்டத்தில் எல்லாவற்றையும் அடக்குவதால், சல்லடையின் பரப்பும் படிகளின் எண்ணிக்கையும் சுருங்குகின்றன. தெருவின் அடித்தளத்துக்கு அது போதும். உயர்தரக் கொங்கிறீற்றுக்குத் தாடைப்பொறியின் பின் கூம்புப்பொறியும் சல்லடைப்பொறியும் தொடராக நிற்கவேண்டும். மூன்று பொறிகள் வந்தால் மூன்று எஞ்சின்களும் மூவர் தேர்ச்சியும் வேண்டும். தேய்ந்த தகட்டுக்கு மாற்று, கொழும்பிலிருந்து வரும்வரை வேலை நிற்கும்.

தூசி இருவகைக்கும் பொதுவான பகை. குவார்ட்சு மிகுந்த கல்லின் நுண்தூளை ஆண்டுக்கணக்கிற் சுவாசிப்போர்க்கு நுரையீரல் தடித்து மூச்சடைக்கும் நோய் உண்டாகும். அதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மூடிய கூண்டு அமைக்கத்தக்க நிலையான ஆலைக்கு இதில் வாய்ப்பு அதிகம் எனலாம். ஆனால் வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. ஆலை நிலையாக நிற்க, ஊர் அதனை நோக்கி வளரும். தில்லி நகரைச் சூழ்ந்திருந்த கல்நொறுக்கும் ஆலைகளை இந்திய உயர்நீதிமன்றம் 1992ஆம் ஆண்டு மே மாதத் தீர்ப்பால், அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாளுடன் மூடி, ஹரியானாவின் பாலி என்னும் இடத்துக்குப் பெயரச் செய்தது. நகர விரிவை எதிர்பாராது நாட்டிய ஆலைகளை நீதிமன்றமே நடமாடச் செய்தது போலும்.

சென்னைக்கருகே பல்லாவரக் குன்றுகளின் கதை இன்னும் எண்ணத்தக்கது. 1863இல் ரொபர்ட் புரூஸ் பூட் என்னும் புவியியலாளர் கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தது பல்லாவரத்துச் செம்மண் பள்ளமொன்றில். அக்குன்றுகளின் கருநீலப் பாறைக்கே பின்னர் சார்னொக்கைட்டு என்று பெயர் சூட்டப்பட்டது. கல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்பாரின் கல்லறை அவ்வினக் கல்லால் ஆயது என்பது அதற்குக் காரணம். இத்தகைய கீர்த்தியுள்ள குன்றுகள் சென்னையின் கட்டடங்களுக்காக உடைந்து உடைந்து பள்ளங்களாயின. அவ்வட்டாரத்துச் சிக்கராயபுரம் கற்பள்ளங்களிற் தேங்கிய நீரை 2017ஆம் ஆண்டு வறட்சியிற் சுத்திகரித்து நகருக்குக் குடிநீராக வழங்கினர். ஒரு நகரம் தான் தின்ற மலையின் குழியிலிருந்தே நீர் அருந்தியது.

இக்குழிகளின் செய்தியிற் நடமாடும் பொறியே கூடுதலான ஐயத்துக்குரியது. நிலையான ஆலைக்கு முகவரி உண்டு. அதிகாரி மறுமுறையும் வந்து கேட்கலாம். நடமாடும் பொறி வேலை முடிந்த மறுநாளே புறப்பட்டுவிடும். குழி மாத்திரம் எஞ்சும். மாரியில் அது நிறையும். குளிக்கப் போன சிறுவர் மூழ்குவர். இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி கல் அகழ்தற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கல்நொறுக்குதற்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழும் அனுமதி வேண்டும். நிலத்தைச் சீர்படுத்துதற்குப் பிணைப்பணம் பெறும் வழக்கமும் உண்டு. பொறியின் வேகத்துக்கு ஈடாக இவ்விதிகளும் நடக்கவேண்டும். குன்று கரைய எடுக்கும் காலம் முன்னர் ஆண்டுகளால் அளக்கப்பட்டது, இப்போது வாரங்களால் அளக்கப்படுகின்றது.

அம்பாறை மாவட்டத்துக் குன்றுகள் வெறும் கல்லும் அல்ல. இராஜகலை போன்ற இடங்களில் நீர்வடி விளிம்பு வெட்டிய பழங்குகைகளும் பிராமி எழுத்துச் சாசனங்களும் உள்ளன. பெரியவை யாவரும் அறிந்தவை, காவல் பெற்றவை. வயல் நடுவிற் பெயரின்றிக் கிடக்கும் சிறு பாறைகளில் எது சாசனம் தாங்கியது, எது சுனை தாங்கியது, எதன் நிழலில் ஊரார் வழிபட்டனர் என்பது வெடிவைப்பதற்கு முன்னரே நடந்து பார்த்து அறியவேண்டியது. நிலையான ஆலையின் காலத்தில் இச்சிறு குன்றுகள் செலவுக்குக் கட்டுப்படியாகாமையாலேயே பிழைத்தன. நடமாடும் பொறி அவற்றையும் கட்டுப்படியாக்கிவிட்டது. முன்னர் அதன் ஊதியமாகக் கூறியதும் இதுவே, அதன் அபாயமும் இதுவே; இரண்டையும் ஒரே அனுமதிப்பத்திரத்தில் எழுதவேண்டியிருக்கின்றது.

ஆகவே பெருந்தெரு, அணைக்கரை, கடலரிப்புத் தடுப்பு, இடிபாடு அகற்றல் ஆகிய பெருவேலைகளில், வேலை நடக்கும் காலம் குறுகியதும் பாறை சிதறியதுமான இடத்தில், நடமாடும் பொறியே மேலானது. நெடுங்காலம் ஒரே அளவில் விற்பனையாகும் சல்லிக்கு நிலையான ஆலையே மேலானது. இலங்கையிற் சல்லியை விற்கும் அளவு கியூப். ஒரு கியூப் நூறு கன அடி, ஏறக்குறைய நாலு தொன் நிறை. பாலமுனையில் ஒருவர் கட்டும் நடுத்தர வீட்டுக்குப் பத்துக் கியூப் சல்லி வேண்டுமெனக் கொள்வோம். மணிக்கு நூறு தொன் உடைக்கும் பொறி அதனை அரைமணிக்குள் உடைத்துவிடும். அதற்காக அப்பொறி வாய்க்காற் பாலங்களைக் கடந்து வராது. அந்தப் பத்துக் கியூப்பும், முன்பு போலவே, மேற்கே எங்கோ நிற்கும் பழைய ஆலையொன்றிலிருந்து, மூன்று நான்கு நடையாக, லொறியில்தான் வரும்.